அறிந்த பின் பிறக்கும் பாபம்

அறியாமல் செய்த தீங்குக்குப் பாபம் உண்டா என்ற கேள்வி நம் தேசத்துச் சமயவாதிகளுக்குப் புதியதன்று. செயலை எடை போடுவதா, செயலுக்குப் பின்னால் இருந்த சித்தத்தை எடை போடுவதா என்று பௌத்தரும் சமணரும் வைதிகரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதங்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் காலடியில் நசுங்கும் எறும்பையும், தண்ணீரோடு விழுங்கப்படும் நுண்ணுயிரையும் பற்றியவை. ஆனால் பசித்தவனுக்கு அன்னம் கொடுத்து, அன்போடு கொடுத்து, அந்த அன்னத்தினாலேயே அவனைக் கொன்றுவிடும் நிலை ஒன்றும் உலகில் உண்டு என்பதைச் சென்ற நூற்றாண்டின் விஞ்ஞானம் நிரூபித்திருக்கிறது. அதைக் குறித்துச் சிறிது விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா ஜில்லாவிலும், அதை ஒட்டிய குஜராத்தின் பஞ்சமகால் ஜில்லாவிலும், இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்களில் விசித்திரமான ஒரு நோய் பரவிற்று. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். மக்காச்சோளமே அவர்களுக்குப் பிரதான ஆகாரம். அறுவடைக் காலத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்துபோயின. உலர்த்தி வைக்க இடமோ வசதியோ இல்லாத அந்த ஜனங்கள் ஈரத்தோடேயே தானியத்தை வீட்டில் சேர்த்து வைத்து, வேறு உணவுக்கு வழியில்லாத காரணத்தால் அதையே அரைத்து ரொட்டி சுட்டு உண்டார்கள். சில வாரங்களில் கண்கள் மஞ்சள் பூத்தன. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் கண்டது. அவ்வீடுகளின் மிச்சத்தைத் தின்று வளர்ந்த நாய்களுக்கும் அதே மஞ்சளும் அதே வயிற்று வீக்கமும் வந்தன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் சென்று பரிசோதித்தபோது, மனிதரும் நாயும் பொதுவாக உண்ட அந்த மக்காச்சோளத்தில் அஃப்லடாக்சின் என்ற விஷம் மிகுதியாகக் கலந்திருப்பது தெரிய வந்தது. நோயுற்றவர்களாகக் கணக்கில் வந்த 397 பேரில் 106 பேர் மாண்டார்கள்.

இந்த விஷம் மனித அறிவுக்கு எட்டியதே அதற்குச் சுமார் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்புதான். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் மடிந்தன. காரணம் தெரியாததால் அந்த நோய்க்கு ‘டர்க்கி எக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். தேடிப் போனவர்கள் கடைசியில் பிரேசில் தேசத்திலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சைதான் அந்த விஷத்தைச் சுரந்திருந்தது. மண்ணில் கிடக்கும் சருகையும் செத்தையையும் மக்கச் செய்து ஜீவிக்கும் இந்தப் பூஞ்சைக்கு நம்மோடு பகை ஒன்றும் இல்லை. கடலை முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து நிலம் சூடேறினால், அல்லது பறித்த கடலை நனைந்து ஈரத்தோடு குவிந்து கிடந்தால், அது பருப்பினுள் குடியேறிவிடுகிறது.

சுத்தம், அசுத்தம் என்று நம்முடைய ஆசாரங்கள் வகுத்திருப்பவையெல்லாம் இந்திரியங்களை நம்பி வகுக்கப்பட்டவை. நாறினால் விலக்கு, புளித்தால் விலக்கு, புழு நெளிந்தால் விலக்கு என்று கண்ணும் மூக்கும் நாக்கும் சொல்வதைப் பிரமாணமாகக் கொண்டே நம்முடைய சமையலறைகள் நடந்து வந்திருக்கின்றன. அவற்றுக்கும் தப்பியது ஏதேனும் இருந்தால் அக்கினி அதைச் சுத்தி செய்துவிடும் என்பது நமது நெடுநாளைய நம்பிக்கை. அஃப்லடாக்சினோ இவ்விரண்டு காவலையும் கடந்து வருவது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியலாம். அது விட்டுச் சென்ற விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பூஞ்சையைத் துடைத்து எறிந்த பின்னும் விஷம் பருப்பில் தங்கியிருக்கிறது. வறுக்கும்போது ஓரளவு குறைகிறதே தவிர அடுப்பின் சாதாரணச் சூட்டில் அது அழிவதில்லை. தர்க்க சாஸ்திரத்தின் பரிபாஷையில் சொன்னால், பிரத்தியட்சத்துக்கு அகப்படாமல் அனுமானத்தாலும் கருவிகளாலும் மட்டுமே அறியப்படுவது அது. இப்படிப்பட்ட ஒன்றை அறியாமல் குழந்தைக்கு ஊட்டிய பான்ஸ்வாடாத் தாயை எந்தத் தர்ம சாஸ்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்?

இந்தக் கேள்விக்குப் பௌத்த ஆகமத்தில் ஒரு பதில் இருக்கிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைவதற்கு முன் கடைசியாக உண்டது பாவா நகரத்துக் கொல்லனான சுந்தன் இட்ட விருந்து. அந்த விருந்தில் ஒரு பதார்த்தத்தை மட்டும் தமக்கே பரிமாறச் சொல்லி, மற்றவற்றைப் பிட்சுக்களுக்கு இடும்படி அவர் கூறினார் என்றும், உண்ட பிறகு கடும் நோய்க்கு ஆளானார் என்றும் மகாபரிநிர்வாண சூத்திரம் சொல்கிறது. சுந்தன் மனம் நொந்துபோவான் என்பதை முன்கூட்டியே உணர்ந்த புத்தர், அவன்மீது யாரும் பழி சுமத்தலாகாது என்றும், தமக்கு ஞானம் சித்திக்கும் முன் கிடைத்த பிட்சைக்கும் இந்தக் கடைசிப் பிட்சைக்கும் பலன் சமமே என்றும் ஆனந்தரிடம் சொல்லி அனுப்பினார். அறியாமல் கொடுத்தவனுக்குப் பாபமில்லை என்பதோடு நில்லாமல், அவனுடைய தானத்துக்குரிய புண்ணியமும் குறையாது என்பதே இதன் தாத்பரியம்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதில் மற்றொரு செய்தியும் உண்டு. தாம் உண்டது போக எஞ்சியிருந்த அந்தப் பதார்த்தத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடும்படி புத்தர் சுந்தனுக்குக் கட்டளையிட்டார். அதை ஜீரணிக்கவல்லவர் தம்மையன்றி வேறு யாரும் இல்லை என்று அறிந்திருந்ததால், அது பிட்சுக்களுக்கும் போகவில்லை; வாசலில் நின்ற ஏழைக்கும் போகவில்லை; கொல்லைப்புறத்து மாட்டுக்கும் போகவில்லை. அறியாதவனுக்கு மன்னிப்பு, அறிந்தவனுக்குக் குழி வெட்டும் கடமை என்று இரண்டு தர்மங்கள் அந்த ஒரே விருந்தில் அடங்கியிருக்கின்றன. முதலாவதை நாம் மிகவும் போற்றுகிறோம், இரண்டாவதை மறந்துவிட்டோம்.

இந்த இரண்டாவது தர்மத்தைச் சமணர்கள் தத்துவமாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், பிரமாதம் என்னும் அஜாக்கிரதையோடு கூடிய செயலால் உயிருக்கு நேரும் கேட்டையே ஹிம்சை என்கிறது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கவனித்திருக்க வேண்டியவன் கவனிக்காமல் இருந்தானா என்பதே கேள்வி. பான்ஸ்வாடாத் தாயிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவள் பக்கம் பிரமாதம் ஏதும் இல்லை. அவளிடம் இருந்தது வறுமையும் பசித்த பிள்ளைகளுமே. விஷம் இன்னதென்று தெரிந்து, அளவுகள் விதிக்கப்பட்டு, பரிசோதனைச் சாலைகளும் ஏற்பட்டுவிட்ட இந்தக் காலத்தில் அதே கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது.

கடலை உடைக்கும் ஆலைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பைப் பொறுக்குவதைக் கண்டவர்கள் உண்டு. முறத்தில் அள்ளிய பருப்பைப் புடைத்து, விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்து, தோல் சுருங்கியது, கறுத்தது, புழு துளைத்தது, பச்சைப் பூஞ்சை படர்ந்தது என்று ஒவ்வொன்றாக அவர்கள் ஒதுக்குகிறார்கள். விஷம் மூட்டை முழுவதிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஆயிரத்தில் ஒரு பருப்பில் அது முழுதும் திரண்டிருந்து, மற்றவையெல்லாம் தூய்மையாக இருப்பதும் உண்டு. ஆகவே இந்தப் பொறுக்குதல் உண்மையிலேயே உயிர்காக்கும் காரியம். ஆனால் ஒதுக்கிய சொத்தைக் கடலை எங்கே போகிறது? குழிக்குப் போவதில்லை, பெரும்பாலும் செக்குக்குப் போகிறது. சுத்திகரிக்காத எண்ணெயில் விஷத்தின் ஒரு பகுதி தங்கினாலும், பெரும்பகுதி புண்ணாக்கிலேயே நின்றுவிடுகிறது. புண்ணாக்கு தொட்டிக்குப் போகிறது. அதைத் தின்ற பசு, விஷத்தில் சிறிதளவை எம்1 என்ற மாற்றுருவில் ஒரு நாளுக்குள்ளாகவே தன் பாலில் இறக்கிவிடுகிறது. காய்ச்சினாலும் அது போவதில்லை. மனிதனுக்கு ஆகாது என்று முறத்திலிருந்து தள்ளப்பட்டது, இப்படி ஒரு சுற்றுச் சுற்றி, மனிதரிலேயே மிகவும் மெலிந்த குழந்தையின் தம்ளருக்கு வந்து சேருகிறது.

இது வெறும் ஊகமன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் தேசம் முழுவதிலும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் 5.7 சதவீதத்தில் எம்1 அளவு மீறியிருந்ததாகக் கூறியது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வாறு அளவு மீறியவை. அறிக்கை முன்னிறுத்திய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. தண்ணீர் கலந்த பாலைக் கண்டால் பால்காரரோடு சண்டைக்கு நிற்கும் நாம், தீவனத்தின் வழியே வந்த இந்தக் கலப்படத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மாட்டுப் பொங்கலன்று பசுவின் கொம்புக்கு வர்ணம் பூசி, நெற்றியில் பொட்டிட்டு விழுந்து வணங்குகிறோம். மறுநாள் நமக்கு ஆகாததை அதன் தொட்டியில் கொட்டுகிறோம். பூஜை செய்யப்படும் ஜீவனுக்கு இடும் ஆகாரம் பூஜைக்குரியதாக இருக்க வேண்டாமா?

இங்கே வினைக் கொள்கையைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அவரவர் வினை அவரவருக்கு என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. அஃப்லடாக்சின் சிறுகச் சிறுக உடலில் சேரும்போது, ஈரல் புற்றுநோயாகப் பல ஆண்டுகள் கழித்தே பலன் தருகிறது. ஹெபடைடிஸ்-பி கிருமியும் உடன் இருந்தால் அபாயம் பல மடங்காகிறது. விதைத்த காலத்துக்கும் விளைந்த காலத்துக்கும் இடையே நெடுந்தூரம் என்பதில் இது வினையை ஒத்திருப்பது மெய்தான். ஆனால் வினைக் கொள்கையின் ஆணிவேர் செய்தவனே பலனை அனுபவிப்பான் என்பது. இங்கே விற்றவன் ஒருவன், வாங்கிக் கொடுத்தவன் ஒருவன், நோயுறுபவன் மூன்றாமவன். அவனைப் பார்த்து இது உன் பழவினை என்று சொல்வது தத்துவம் ஆகாது; செய்தவர்களின் கணக்கைப் பாதிக்கப்பட்டவனின் பேரில் எழுதும் மோசடியே ஆகும்.

இதற்கு விவசாயியின் பக்கத்திலிருந்து ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானது. ஆண்டு முழுவதும் உழைத்து, கடன் வாங்கிப் பயிரிட்டு, மழை பொய்த்த வருஷத்தில் கிடைத்த நாலு மூட்டையில் ஒரு மூட்டையைப் புதைத்துவிடு என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவனைப் பொறுத்த வரையில் அது வட்டிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் உரிய பணம். சுந்தனுடைய விருந்தில் எஞ்சியதைப் புதைப்பது எளிது; ஏழையின் விளைச்சலைப் புதைப்பது எளிதன்று. ஆகவே இந்தக் குழியை வெட்டும் கடமை தனி மனிதனுடையதன்று, சமூகத்தினுடையது. புதைத்த மூட்டைக்கு விலை கொடுக்காத சமூகம், புதைக்காதவனைக் குறை கூறும் தகுதியையும் இழந்துவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் நேரே உண்பதற்குரிய கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இவ்விஷத்தை அனுமதிப்பதில்லை. நாமோ 10 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறோம். செல்வந்தனுக்கு ஒரு முறம், ஏழைக்கு ஒரு முறம் என்று உலகச் சந்தை புடைத்துக்கொண்டிருக்கிறது.

பரிகாரம் நமக்கு எட்டாததன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா நாட்டில் 20 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும், கடலையை வெறுந்தரையில் போடாமல் பாயில் உலர்த்துவது, சொத்தையைக் கையால் பொறுக்குவது, சணல் பையில் கட்டி மரப்பலகை மேல் அடுக்குவது போன்ற எளிய முறைகளைக் கடைப்பிடிக்கச் செய்தார்கள். 2005ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, அறுவடை முடிந்து ஐந்து மாதங்களில் அக்கிராமத்தார் இரத்தத்தில் இவ்விஷத்தின் அடையாளம் மற்றக் கிராமத்தாரைவிடப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான், 2004இல், கென்யாவின் கிழக்குப் பகுதியில் ஈரம் காயாத மக்காச்சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்திருந்தார்கள். பான்ஸ்வாடா நடந்து முப்பது ஆண்டுகள் கழிந்தும், அறிவு ஓரிடத்திலும் அடுப்பு மற்றோரிடத்திலுமாக இருந்ததே இதற்குக் காரணம்.

ஆதலால் அறியாமல் செய்தவனுக்குப் பாபம் இல்லை என்ற தீர்ப்பை நாம் தயங்காமல் ஏற்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்க, அறிந்த நமக்கு உரிமை இல்லை. அன்னதானம் செய்யும் கோயில்களும் மடங்களும், பால் கொள்முதல் செய்யும் சங்கங்களும், மதிய உணவு வழங்கும் அரசாங்கமும், தாம் வாங்கும் தானியத்தையும் தீவனத்தையும் பரிசோதித்தே வாங்குவது என்று உறுதி கொள்ள வேண்டும். கழிக்கப்பட்ட சரக்குக்கு ஈடாக விவசாயிக்குப் பணம் கொடுத்து, அச்சரக்கு எந்த ஜீவனின் வாய்க்கும் போகாமல் அழிக்க வேண்டும். அதற்காகும் செலவும் அன்னதானத்தைச் சேர்ந்ததே.