விட்டுப்போன சுரங்கள்

ஒருவரால் செய்யவே முடியாத ஒன்றை அவருடைய கடமை என்று சொல்லலாமா? கூடாது என்பது காண்ட் வழியாக நமக்குப் பழகிப்போன பதில். ‘செய்தாக வேண்டும்’ என்பதற்குள்ளேயே ‘செய்ய முடியும்’ என்பதும் அடங்கியிருக்கிறது. பேச்சுக்குச் சரிதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பியானோ இசையைப் பயில்பவர்களுக்கு இந்தப் பதில் போதவில்லை.

யானிஸ் ஸெனாகிஸ் 1973இல் எழுதிய ‘எவ்ரியாலி’யை எடுத்துக்கொள்வோம். ஸெனாகிஸ் பொறியியல் படித்தவர், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர். இந்தப் படைப்புக்கு அவர் முதலில் வரைபடத்தாளில் மரக்கிளைகள்போலப் பிரியும் கோடுகளை வரைந்தார். கிடையாகக் காலம், செங்குத்தாகச் சுருதி. அப்புறம்தான் கோடுகள் சுரங்களாயின. கோட்டுக்கு விரலைப் பற்றி என்ன கவலை? ஒரே கணத்தில் பல திசைகளில் கிளை விரிகிறது, இரண்டு கைகள் எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, 88 கட்டைகளையும் தாண்டி, பியானோவிலேயே இல்லாத ஒரு சுரமும் எழுதப்பட்டிருக்கிறது.

“இதை எப்படிங்க வாசிக்கிறது?” என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வேகத்தைக் குறைத்தால் இன்னும் சில சுரங்கள் கைக்கு வரும். ஆனால் அலைபோல் எழ வேண்டிய இசை தரையில் தேங்கிவிடும். அதனால் வேகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சிலவற்றை விட்டாக வேண்டும். எதை விடுவது? இங்கேதான் கேள்வி கைவிரலை விட்டு மனசாட்சிக்குப் போகிறது. ஏனென்றால், அந்த அடர்த்தியில் எது விட்டுப்போனது என்று அரங்கில் அநேகமாக யாருக்கும் தெரியாது. யோசித்து விட்டதும் சோம்பலில் விட்டதும் கேட்பவர் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லாச் சுரமும் பிசகாமல் ஒலிப்பதுதான் முக்கியம் என்றால் இயந்திரம் இருக்கிறது. கான்லன் நான்கரோ மெக்சிகோ நகரில் உட்கார்ந்து, காகிதச் சுருளில் துளையிட்டு, தானியங்கிப் பியானோவுக்கென்றே எழுதினார். ஸெனாகிஸ் அப்படிச் செய்யவில்லை. எதிரே ஒரு மனித உடல் இருக்கும் என்று தெரிந்தே எழுதினார். அப்படியானால் அவர் கேட்பது வெறும் நிறைவேற்றத்தை அல்ல, ஒரு தீர்ப்பை.

அதற்காக, “முடியாதுன்னு அவரே எழுதிட்டாரே, நான் என்ன பண்றது?” என்று கைகழுவவும் முடியாது. லிகெட்டியின் 14ஆம் எட்யூடின் முதல் வடிவம் மனிதக் கைக்கு ஆகாது என்று கருதப்பட்டு, தானியங்கிப் பியானோவுக்குரியதாகத் தனியே வெளிவந்தது. பின்னால் வந்த பியானோ கலைஞர்கள் அதையும் கையாலேயே வாசித்துக் காட்டினார்கள். முடியாமையின் எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. அது இன்று எங்கே இருக்கிறது என்பது முயன்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே காண்ட் வழிவந்த பதிலோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடியாததைச் செய்வது கடமை அல்ல. எது முடியாது என்று நேர்மையாகக் கண்டுபிடிப்பது கடமை. ஒரு சுரத்தை விட உரிமை உண்டு, அதைத் தேடிப் போய்த் தோற்றவருக்கு. அந்தத் தோல்விக்குச் சாட்சி கிடையாது. பூட்டிய அறையில், மாதக்கணக்கான சாதகத்தில், தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் கணக்கு அது. பியானோவுக்கு வெளியேயும் நம்முடைய பெரும்பாலான ‘முடியல’க்களுக்கு வேறு தணிக்கையாளர் இருப்பதாகத் தெரியவில்லை.