திரும்பி வருவதும் ஸுன்னத்தே!

 

சென்ற மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த தாயார் ஒருவர் பள்ளிவாசல் வாசலில் நமக்காகக் காத்திருந்தார். "ஹஜ்ரத்! வளைகுடாவிலே இருக்கிற எம் மகனுக்கு இகாமா புதுப்பிக்க எழுதிப் போட்டாங்க; முடியாதுன்னு பதில் வந்துட்டது. ஊருக்கு வந்தால் கடன்காரர்கள் வாசலில் நிற்பாங்க. அங்கேயே ஒளிஞ்சு வேலை பார்க்கட்டுமான்னு கேக்கிறான். நான் என்ன சொல்ல?" என்று கேட்டுக் கண்கலங்கினார்.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. ஆகவே நாம் அவருக்குக் கூறியதை இங்கே எழுதுகிறோம்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஃதா மாதம். அதாவது கி.பி. 628. நாயகம் (ஸல்) அவர்கள் சுமார் 1,400 ஸஹாபாக்களுடன் இஹ்ராம் அணிந்து உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகள் மறித்தார்கள். இவ்வாண்டு அனுமதியில்லை, திரும்பிச் சென்று அடுத்த ஆண்டு வரவேண்டும் என்பது உடன்படிக்கை. பிறந்த ஊர் அருகிலிருக்கிறது, கஃபா அருகிலிருக்கிறது. ஆனாலும் கள்ளவழியில் நுழைய அவர்கள் நினைக்கவில்லை. உடன்படிக்கையின் மை காயுமுன் விலங்கோடு ஓடிவந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களைக்கூட, வாக்குக்காக மனம் நொந்து திருப்பி அனுப்பினார்கள்.

விசா என்பதும் ஓர் உடன்படிக்கையே அல்லவா? தவணை முடிந்ததும் புறப்படுவோம் என்று ஒப்புக்கொண்டுதானே உள்ளே போனோம்? உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோருக்கு இடும் கட்டளையோடுதான் மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. மறுபடி விண்ணப்பிப்பதும், சட்டப்படி வேறு கஃபீலைத் தேடுவதும் தவறல்ல. எல்லா வழியும் அடைபட்டபின் ஒளிந்திருப்பதுதான் தவறு. ஒளிந்திருப்பவன் கூலி மறுக்கப்பட்டால் துணிந்து முறையிட முடியாது. நோயுற்றால் மருத்துவமனை செல்ல அஞ்சுவான். தகப்பனார் மௌத்தானால் ஜனாஸாவுக்கு வர முடியாது. அபராதமோ ஏறிக்கொண்டே போகும். 2024ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்பு அளித்து, அபராதமின்றி வெளியேற வழிவிட்டது. இத்தகைய வாசல் திறக்கும்போது தயங்கி நிற்பது அறிவுடைமையாகாது.

புறப்படுமுன் அமானிதங்களை ஒப்படைக்க வேண்டும். மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும் நாயகம் (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்கள் வைத்திருந்த பொருள்களை உரியவரிடம் சேர்க்க அலி (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கொல்ல வந்த ஊராரின் பொருளுக்கே அந்தக் கண்ணியம் என்றால், அறைத் தோழரிடம் வாங்கிய கைமாற்றுக்கும் கடைக்கணக்குக்கும் என்ன பதில் சொல்வோம்?

இனி வீட்டிலிருப்போருக்கு ஒரு சொல். ஹுதைபிய்யாவில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையும்படி நாயகம் (ஸல்) மும்முறை கூறியும், துக்கத்தால் ஒருவரும் எழவில்லை. கூடாரத்தில் உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தாம், "யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள்" என்ற கருத்தில் யோசனை சொன்னார்கள். அவ்வாறே செய்ததும் அனைவரும் எழுந்தனர். மறிக்கப்பட்டவன் அந்த இடத்திலேயே இஹ்ராமைக் களைய ஷரீஅத் சட்டமே வகுத்திருக்கிறது. வாசலில் தடுக்கப்பட்டவனை அல்லாஹ் கைவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? திரும்பும் வழியில்தான் அதனைத் தெளிவான வெற்றி என்று கூறும் ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கிற்று. மறு ஆண்டு உம்ரா நிறைவேறியது. 630இல் மக்காவே வசமாயிற்று.

தாய்மார்களே! மகன் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்காதீர்கள். "வா, சாப்பிடு" என்று கூறுங்கள். மஹல்லாவாசிகளே! அவனைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்காதீர்கள். தீர்க்க வழியில்லாத கடனாளி ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் ஒருவர். கேட்க நாணுபவரைத் தேடிச் சென்று கொடுப்பது நம் கடமை.

அந்தத் தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வந்திடச் சொல்றேன் ஹஜ்ரத். கடனைச் சேர்ந்து அடைச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரிஜ்க்கை அளப்பவன் அல்லாஹ். அவன் பூமி விசாலமானது. திரும்பி வரும் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான வழிகளை அவன் திறந்தருள்வானாக! ஆமீன்.