மறைத்தலும் அருளாமோ?

இங்கிலாந்தில் இளவேனிற்காலத்துப் பறவைகள் தம் குஞ்சுகட்கு இரையூட்டுதலைப் படம் எடுப்போர் மறைவிடத்து இருத்தல் வழக்கம். 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய கூடொன்றைப் படம் பிடித்த கீர்ட்டன் சகோதரர், பின்னர் எருதின் தோலாலாய பொய்யுருவினுள்ளும் ஒளிந்திருந்தனர்.

இம்மறைப்பு வஞ்சமன்றோ எனின், அன்று என்க. என்னை? ஆளைக் காணின் பறவை அஞ்சி அகலும். அகலவே குஞ்சுகள் பசியால் வாடும். வேட்டுவன் மறைதலோ கொல்லுதற்பொருட்டு. தொழில் ஒன்றாயினும் கருத்து வேறு.

அற்றேல், படமெடுப்போன் மறைவு அருளாமோ எனின், அதுவும் ஆகாது. அவன் செல்லாதிருப்பின் மறைப்பே வேண்டப்படாது. தன் காட்சிக்கு இடையூறென்று கூட்டை மூடிய தழையை விலக்குவானாயின், காக்கைக்கு வழிகாட்டினவனும் ஆவான். அவன் மறைவு தன் விருப்பத்தால் வருந் தீங்கைக் குறைப்பதே.

தனக்கொரு பயன் கருதாது, மறைக்கப்படும் உயிரின் பக்குவமே நோக்கி நிகழும் மறைப்பே திரோதானம். அதுபற்றியே மறைத்தலும் அருளெனப்பட்டது.