தேக்கிய நீருக்கு யார் பொறுப்பு?

2006 மார்ச் 14, பொழுது விடியும் முன்பே ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற மண் அணை உடைந்தது. பல வாரங்களாக விடாமல் பெய்த மழையில் தளும்பி நின்ற நீர், மரங்களையும் வீடுகளையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு கர்ப்பிணியும் ஒரு சிறு குழந்தையும் உண்டு.

1890இல் கரும்புப் பாசனத்துக்காகப் போட்ட கரை அது. கரும்பாலை மூடப்பட்டு, நிலம் கைமாறி, கடைசியில் தனியார் சொத்தாக நின்றது. தான் கட்டாத கரைக்கு, அதுவும் நூறாண்டு கடந்த கரைக்கு, இன்றைய உரிமையாளர் எவ்வளவு தூரம் பொறுப்பாவார்?

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அணைக்குக் கீழேயுள்ள தாழ்நிலத்தில் வீடுகள் எழுந்தது அணை கட்டியதற்குப் பிற்பாடுதான். அணையைக் குறைந்த அபாயம் உள்ளது என்று வகைப்படுத்தி, ஒருமுறைகூட ஆய்வு செய்யாமல் விட்டது அரசு. பழைய கரையைச் செப்பனிடும் செலவு ஒரு சிறு விவசாயியின் நிலத்தையே விழுங்கிவிடும் என்பதும் உண்மை.

ஆனாலும் மண் கரையின் இயல்பு தெரிந்தவர் அந்த வாதத்தோடு நின்றுவிட மாட்டார். உபரி நீர் வழிந்தோடக் கலிங்கு இல்லையென்றால் வெள்ளம் கரைமேல் ஏறும். ஏறிய நீர் சில மணி நேரத்தில் மண்ணை அரித்துவிடும். கரையடியில் கசியும் நீர் தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். இதைக் காண அன்றாடம் கரையில் நடக்கும் கால்கள் போதும். கா லோகோவின் கலிங்கு மண்ணிட்டு மூடப்பட்டிருந்ததையே சான்றுகள் காட்டுகின்றன என்றது அரசு அமர்த்திய தனி விசாரணை. செப்பனிடப் பணமில்லாமை வேறு. கலிங்கை அடைப்பது வேறு. முன்னது இயலாமை, பின்னதை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது.

இங்கிலாந்தில் ஓர் ஆலை உரிமையாளரின் நீர்த்தேக்கம் பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்த வழக்கில், அவர் தனிப்பட்ட முறையில் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் இழப்புக்கு அவரே பொறுப்பு என்று 1868இலேயே தீர்ப்பானது. சட்டம் அன்றே கண்ட நியாயம் இது: நீரைத் தேக்கும் ஆதாயம் மேலே இருப்பவருக்கு, ஆபத்தோ கீழே இருப்பவருக்கு. கீழே உறங்குபவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

கா லோகோவின் உரிமையாளர் கவனமின்றி உயிர்களுக்கு ஆபத்து விளைவித்த குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. 2014இல் அவருக்கு ஏழு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அணைகளைக் கண்காணிக்க ஹவாய் 2007இல் புதிய சட்டம் இயற்றியது. ஆய்வாளரை அனுப்புவதோடு அரசின் கடமை முடியாது. வசதியற்ற உரிமையாளரின் செப்பனிடும் செலவிலும் அது பங்கேற்க வேண்டும். அந்த உதவி வரும்வரை நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பது உரிமையாளரின் கடமை. அதற்கும் மனமில்லாதவருக்கு அந்த நீரைத் தேக்கி வைக்கும் உரிமை கிடையாது.