இருவினையும் ஆங்கிலேயர் புகழும்

ஒருவன் செய்த நன்மையைத் தீமையினின்றும் கழித்து, எஞ்சியது யாதோ அதுவே அவன் தகுதியெனக் கொள்ளுதல் முறையாகுமா என்னும் வினா, அண்மையில் ஆங்கிலேயருட் பெயர்பெற்றோர் சிலரைக் குறித்து எழுந்த வழக்கினால் மீண்டும் ஆராயற்பாலதாயிற்று. 2020-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்திலுள்ள இராபர்ட் கிளைவின் சிலையை அகற்றுதல் வேண்டுமென்று ஒரு சாராரும், அங்ஙனஞ் செய்தல் வரலாற்றை அழித்தலாமென்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். அவ்வழக்கு நமக்குப் புறம்பானதன்று. கிளைவு எழுத்தர் தொழிலை விடுத்துப் படைத்தொழில் மேற்கொண்டது நம் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலேயாம்.

அவனைப்பற்றி அவன் நாட்டுப் பாராளுமன்றமே 1773-இல் ஆராய்ந்தது. வங்காளத்தில் அவன் 2,34,000 பவுன் பொருளைத் தனதாக்கிக்கொண்டான் என்று முடிவு செய்தது. உடனே, அவன் தன் நாட்டிற்குப் பெரியனவும் தகுதியுடையனவுமான தொண்டுகள் ஆற்றினான் என்றும் முடிவு செய்தது. இரண்டும் மெய்யாதல் கூடும். பிழை யாண்டையதெனின், பின்னதை முன்னதற்கு விடையாகக் கொண்டமையே. தொண்டு பெற்றவர் ஆங்கிலேயர். பொருள் இழந்தவர் வங்காளத்தார். ஒருவர்க்கு அளித்த கொடையால் மற்றொருவரிடம் பறித்த கடன் தீருமோ?

இனி நம் சித்தாந்தம் இதுபற்றிக் கூறுவது யாதென நோக்குவாம். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரம் இருவினையின் இயல்பை எடுத்தோதுவது. அதற்கு வழிநூல் செய்த அருணந்தி சிவாசாரியர், நல்வினை தீவினை என்னும் இரண்டனுள் ஒன்று மற்றொன்றால் அழிவதில்லை, இரண்டும் தனித்தனியே நுகர்ந்து கழிக்கப்படும் என்று சித்தியாருள் வரையறுத்தனர். தீவினைக்கெனவே விதித்த கழுவாயைச் செய்தவனே இயற்றுதல் வேறு. அதனோடு இயைபில்லாத பிறிதோர் அறத்தைச் செய்து இது அதற்கு ஈடென்றல் வேறு. குளந்தொட்ட புண்ணியம் கொலைப்பாவத்தைக் கழுவாது. அவன் குளத்தின் பயனையும் துய்ப்பான், கொலையின் பயனையும் துய்ப்பான்.

அற்றேல் இருவினையொப்பு என்பது என்னை? புண்ணியமும் பாவமும் துலாக்கோலின் இரு தட்டும்போல எடையொத்து நிற்றலன்றோ எனின், அன்று. அது வினைகளின் அளவு ஒத்தலன்று. இரண்டன் பயனிடத்தும் விருப்பு வெறுப்பின்றி ஆன்மாவின் அறிவு ஒத்து நிற்றலாம். மடங்களிற் பாடங்கேட்டார்க்கு இது புதிதன்று. ஆயினும், ஒருவன் பெருமை சிறுமைகளைப் பேசப் புகுங்கால் நம்மவருட் பலரும் வணிகர் பேரேட்டு முறைக்கே திரும்பிவிடுகின்றனர்.

சென்னை மவுண்டு ரோடில் நின்ற நீலின் சிலைபற்றிய வழக்கு இதனை நன்கு விளக்கும். சென்னைப் படையைச் சேர்ந்த நீல், 1857-இல் காசியிலும் அலகாபாத்திலும் விசாரணையின்றிப் பலரைத் தூக்கிலிடுவித்தவன். கான்பூரிற் கொலையுண்ட ஆங்கிலப் பெண்டிர் குழவிகளின் பொருட்டே அவன் கொடியனாயினான் என்பர் அவனுக்காகப் பேசுவோர். அக்கொலை மெய்யே, இரங்கத்தக்கதே. ஆயின் அது நிகழ்ந்தது சூலைத் திங்களில். அலகாபாத்துக் கொலைகள் சூன் திங்களிலேயே நிகழ்ந்தன. காலம் முன்பின் மாறாதிருப்பினும் பிறன்செய்த பாவம் இவன் பாவத்தை அறமாக்காது. 1927-இல் அச்சிலையை அகற்றுமாறு தொண்டர் பலர் அறப்போர் செய்து சிறைபுகுந்தனர். இராஜாஜியின் அமைச்சரவை 1937-இல் அதனை அருங்காட்சியகத்திற்கு மாற்றியது. அதனால் வரலாறு அழிந்ததோ? இல்லை. நாற்சந்தியில் உயர்த்தி வைப்பது சிறப்புச்செய்தல். அருங்காட்சியகத்தில் வைப்பது பதிவு. பதிவிற்கு நன்றும் தீதும் ஒக்கும். சிறப்பிற்கு ஒவ்வா. அவன் பிறந்த ஸ்காத்துலாந்தில், ஏர் என்னும் ஊரில், அவன் சிலை இன்றும் நிற்கின்றது.

நீலைக் குறித்துத் துணிதல் எளிது. அரியது தாமசு மன்றோவைக் குறித்துத் துணிதலே. அவர் சென்னை ஆளுநராக இருந்து 1822-இல் இம்மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் உளரென அக்கணக்கு காட்டிற்று. இந்தியரை உயர்பதவிகளினின்று விலக்கிவைத்தல் அவர்களைத் தாழ்த்துவதாம் என்றும் வெளிப்படையாக எழுதினார். இவை நல்வினையே, ஐயமில்லை. ஆயின் அவர் நிலைநாட்டிய இரயத்துவாரி முறை, இடைநின்றாரை நீக்கி உழவனை நேரே அரசோடு பிணித்ததெனினும், விளைந்த ஆண்டும் விளையாத ஆண்டும் பணமாகவே வரி கேட்டது. நம் தென்னார்க்காட்டு உழவரும் அதற்கு உட்பட்டனர். அவர் 1827-இல் வாந்திபேதியால் இறந்தார். வரி தண்டுதற்பொருட்டு உழவரைச் சித்திரவதை செய்யும் வழக்கம் உளதென்று அரசு அமைத்த விசாரணைக் குழுவே 1855-இல் ஒப்புக்கொண்டது. அக்கொடுமையை அவர் விதித்தாரல்லர். ஆயின் அவர் கட்டிய ஏற்பாட்டினுள்ளேயே அது வளர்ந்தது. இதனை யாம் மறைத்தலும் வேண்டா. அதுகொண்டு பள்ளிக் கணக்கைக் கிழித்தெறிதலும் வேண்டா. சென்னையில் அவர் குதிரைமேல் அமர்ந்த சிலையைக் காண்போரோ, சிற்பி அங்கவடி வைக்க மறந்தானோ என்பதைப்பற்றியே பெரிதும் வியந்து பேசுகின்றனர்!

சைவர்க்கு மிக அணுக்கமானவர் போப்பையர். திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து 1900-இல் வெளியிட்டார், அவ்வன்பு பொய்யன்று. நம்மவரைத் தம் சமயத்திற் சேர்க்கவே கடல்கடந்து வந்தார், அதுவும் பொய்யன்று. தம்மைத் தமிழ் மாணவன் எனக் கல்லறையிற் பொறிக்கச் செய்தார் எனும் கதை பலர் வாயிலும் வழங்குகின்றது. ஆக்சுபோர்டிலுள்ள அக்கல்லில் அத்தொடர் இல்லை. புகழ்வோரும் இங்ஙனம் கூட்டிச் சேர்ப்பது எற்றுக்கு? உள்ள நன்மையே போதாதோ?

இவ்வளவுகோலை அயலார்க்கு மட்டும் வைத்து நம் மன்னரை விடுத்தல் நடுவுநிலையன்று. விழுப்புரத்தைச் சார்ந்த பிரம்மதேசத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைக் கூறும். இளமாணாக்கர் 270, முதுமாணாக்கர் 70, ஆசிரியர் 14 பேர். அவர்க்கு நெல்லும் பொன்னும் நிலமும். அவ்வரசனுடைய மெய்க்கீர்த்தியே அவன் கங்கைவெளியிலும் கடாரத்திலும் கவர்ந்த செல்வங்களை நிரல்பட எண்ணுகின்றது. கல்லூரியை எண்ணி நெஞ்சு நிறையும் யாம், கவரப்பட்ட ஊரார் கண்ணீரை எக்கணக்கில் வைப்பது? அவன் மகன் முதலாம் இராசாதிராசன், சாளுக்கியர் கலியாணபுரத்தை எரித்து ஆண்டிருந்த வாயிற்காவலர் படிமம் ஒன்றைக் கொண்டுவந்தான். எரித்ததையும் கொண்டுவந்ததையும் அப்படிமத்தின் பீடத்திலேயே அவன் தமிழிற் பொறித்து வைத்தான். தாராசுரத்தில் நெடுநாளிருந்து பின் தஞ்சைக் கலைக்கூடத்திற்குச் சென்ற அக்காவலர், அவ்வெழுத்தோடு இன்றும் ஆண்டு நிற்கின்றார்.