சம்பளப் பாக்கி

18ஆம் நூற்றாண்டின் நடுவில் காங்கயத்திலும் தாராபுரத்திலும் வசூலான வரி மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அரியணையில் இருந்தவர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். ஆண்டவர்கள் களலே குடும்பத்துச் சகோதரர்கள். அண்ணன் தேவராஜய்யா தளவாய், தம்பி நஞ்சராஜய்யா சர்வாதிகாரி. தம்பி தன் மகளை ராஜாவுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்.

பெண் கொடுத்து அரண்மனையைப் பிடிப்பது எல்லா நாட்டுப் பெரிய வீடுகளுக்கும் தெரிந்த வழி. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில் நார்ஃபோக் பிரபுவின் சகோதரி மகள் ஆன் பொலினும் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்டும் ராணிகள் ஆனார்கள். 1536இல் ஒருத்தி தலை போனது, 1542இல் இன்னொருத்தி தலை.

மைசூரில் தலை போகவில்லை, கஜானா போனது. திருச்சிக் கோட்டை கைக்கு வரும் என்ற வாக்கை நம்பி நஞ்சராஜய்யா 1752இலிருந்து மூன்று ஆண்டு படையோடு அங்கே கிடந்தார். கோட்டை கிடைக்கவில்லை, பணமெல்லாம் கரைந்தது. ஊர் திரும்பியபோது மாப்பிள்ளை ராஜா தலைதூக்கப் பார்த்தார். மாமனார் அரண்மனை வாசலிலேயே பீரங்கி வைத்துச் சுட்டார். ராஜாவின் ஆட்களுக்கு மூக்கையும் காதையும் அறுத்தார். இந்தக் கொடுமையை அண்ணனால் பொறுக்க முடியவில்லை. 1757இல் குடும்பத்தோடு சத்தியமங்கலத்துக்கு வந்துவிட்டார். அவர் கோபம் நியாயமானது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தன்னோடு வந்த ஆட்களுக்குச் சம்பளம் வேண்டுமே. திண்டுக்கல்லில் இருந்த மைசூர்ப் படைத்தலைவர் ஹைதர் அலியின் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த வருமானத்தை எடுத்துக்கொண்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி. 1758இல் அவர்கள் நஞ்சராஜய்யா வீட்டு வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். அதிகாரம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. உழைத்த கூலியைக் கேட்டார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டைலர் தன் நோட்டை நீட்டுகிறார்: ஓவர்லாக் இத்தனை டஜன், பிளாட்லாக் இத்தனை டஜன். அந்தக் கணக்கில்தான் மறுநாள் மளிகை, பிள்ளையின் பீஸ், வீட்டு வாடகை எல்லாம் இருக்கிறது. அண்ணன் தம்பி பங்கு பிரிக்கும் தகராறில் பேங்க் கணக்கு முடங்கினால், கையெழுத்துப் போட இருவரில் ஒருவர் வராவிட்டால், பவர் டேபிள்காரருக்குப் பணம் வராது. அவரிடம் தைப்பவருக்கும் வராது. வழக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடக்கட்டும். சம்பளப் பணத்தை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு அவர்கள் சண்டை போடட்டும் என்றே நான் வேண்டிக் கேட்பேன்.

மைசூரில் சகோதரர்களைச் சேர்த்துவைக்க முன்வந்தவர் ஹைதர். சத்தியமங்கலத்துக்கே வந்து பேசினார். அண்ணன் சமாதானமாகித் திரும்பினார், அதே ஆண்டு இறந்தும் போனார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கணக்கு மனதில் நிற்கும். எழுத்துக் கணக்கை அவருடைய காரியஸ்தர் காண்டே ராவ் பார்த்துக்கொண்டார். இருவரும் உட்கார்ந்து சிப்பாய்களில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சரிபார்த்தார்கள். ரொக்கம் போதாதபோது அரசாங்கத்து யானை, குதிரைகளைக்கூடக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள்.

அடுத்த ஆண்டு சிப்பாய்கள் மறுபடி வாசலில் உட்கார்ந்தபோது நஞ்சராஜய்யாவுக்காகப் பேச யாரும் இல்லை. அவர் பதவியை விட்டு விலகினார். 1761க்குள் மைசூர் முழுக்க ஹைதர் கைக்கு வந்தது, அதோடு கொங்கு நாட்டின் வரியும்.