கடல் விபத்தும் ஊழும்

நெடும்பயணம் போகும் பாய்மரப் படகுகளில் நேரும் விபத்துகள் பல புயலில் தொடங்குவதில்லை, படகுக்குள்ளேயே தொடங்குகின்றன. எஞ்சினைக் குளிர்விக்கவும் கழிப்பறைக்கும் கடல்நீர் வேண்டும். அதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் துளையிட்டு வால்வு பொருத்தியிருப்பார்கள். வால்விலிருந்து போகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்திருப்பது ஓர் எஃகு கிளாம்ப். மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். அடியில், திருகு இருக்கும் இடத்தை உப்பு தின்றுகொண்டிருக்கும். அது அறுந்து குழாய் கழன்றால், ஒன்றரை அங்குலத் துளை வழியே நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் புகும். அப்போது அடைப்பதற்கென்றே ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றைக் கட்டி வைப்பது வழக்கம்.

கிளாம்பைக் குனிந்து பார்க்காமல் புறப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கு அது துறைமுகத்தில் அறுகிறது, இன்னொருவருக்கு நடுக்கடலில், மூன்றாமவருக்கு அறுவதே இல்லை. அசட்டை ஒன்றுதான், பலன் மூன்று விதம். இந்த வேறுபாட்டை யார் கணக்கில் எழுதுவது என்பது மிகப் பழைய கேள்வி.

முதலில் அது தெய்வத்தின் கணக்கில் எழுதப்பட்டது. கிரேக்கத் தீவான சமோத்ரேசில், புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் காணிக்கையாகப் படங்கள் வைத்திருந்தார்கள். அவற்றைக் காட்டி தெய்வ அருளைப் பற்றிப் பேசிய நண்பரிடம், மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்று நாத்திகரான டயாகரஸ் கேட்டதாக சிசரோ எழுதியிருக்கிறார். இன்னொரு முறை, அவரை ஏற்றிக்கொண்டதால்தான் புயல் வந்தது என்று மாலுமிகள் முணுமுணுத்தார்களாம். அதே புயலில் தத்தளித்த மற்றக் கப்பல்களைக் காட்டி, அவற்றிலும் டயாகரஸ் இருக்கிறானா என்று கேட்டார். விவிலியத்தின் யோனா கதையிலும் புயலுக்குக் காரணமான குற்றவாளியைக் கண்டுபிடிக்க மாலுமிகள் சீட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த மாலுமிகள் அதற்கு முன்பே சரக்கைக் கடலில் எறிந்துவிட்டார்கள். சீட்டு யோனாவின் பேருக்கு விழுந்த பிறகும் கரை சேரத் துடுப்பு வலித்துப் பார்த்தார்கள். சீட்டை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் உட்காரவில்லை.

கணக்கை முழுவதுமாக மனிதன் பக்கம் திருப்பியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட். 1877இல் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டும் கப்பல் முதலாளிக்குத் தன் கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டியது என்று தெரியும். இத்தனை தடவை போய்த் திரும்பியதுதானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு குடியேறிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதோடு கிளிஃபோர்ட் நிறுத்தவில்லை: கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் எள்ளளவும் குறையாது என்கிறார். நியாயத்தின் தராசில் இது சரியாகவே நிற்கிறது. வாழ்க்கை இப்படி நடப்பதில்லை என்பதுதான் சிக்கல். கிளாம்ப் அறாமல் தப்பியவரை யாரும் ஏசுவதில்லை. அவரே தன்னை நொந்துகொள்வதில்லை. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான்.

தேர்ந்த கைகளும் இதில் சிக்கியிருக்கின்றன. 1968-69இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகத்தை ஒன்றரைச் சுற்று வந்தவர் பிரெஞ்சுக்காரரான பெர்னார் மொய்தெசியே. அவருடைய 'ஜோஷுவா' படகு 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாசில் நங்கூரமிட்டிருந்தபோது கரையில் ஏறிப் போயிற்று. அன்றிரவு அங்கே இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் கரை தட்டின. வழக்கமான வடகாற்றுக்கு அந்த விரிகுடா நல்ல ஒதுக்கிடம். தென்கிழக்கே திறந்து கிடக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்துவிட்டது. வேறு நாள்களில் அங்கே நங்கூரமிட்டுச் சேதமில்லாமல் புறப்பட்டுப் போனவர்களைத் திறமைசாலிகள் என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பெய்லி தம்பதி நிற்கிறார்கள். 1973இல் பசிபிக்கில் ஒரு திமிங்கிலம் மோதி அவர்களது படகு மூழ்கியது. ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் கண்டெடுக்கும்வரை 117 நாள் மிதந்தார்கள். திமிங்கிலத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. ஆனால் வெளியுலகத் தொந்தரவு வேண்டாமென்று செய்தி அனுப்பும் வானொலிக் கருவி எடுத்துப் போகாதது அவர்களே செய்த முடிவு. மோதல் ஊழ் என்றால், நாள்கள் நீண்டதில் ஒரு பங்கு அவர்களுடையது.

இந்தப் பாகப்பிரிவினையை ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ் தெளிவாகச் செய்திருக்கிறார்: மாலுமியையும் நாளையும் தேர்ந்தெடுப்பது என் வேலை, பிறகு புயல் வந்தால் அது கப்பலோட்டியின் பாடு. அவர் பேசுவது பயணியாக. இருவர் மட்டும் வாழும் படகிலோ அவர்களேதான் முதலாளி, கப்பலோட்டி, தச்சர், பழுது பார்ப்பவர். ஒப்படைத்துவிட்டு ஒதுங்க ஆள் கிடையாது. ஆகவே அவருடைய சூத்திரத்தையே பிடித்துக்கொண்டு போனாலும் 'என் வேலை' என்ற பங்கு வீங்கிவிடுகிறது, 'விதி' சுருங்கிவிடுகிறது.

சட்டம் இன்னொரு கோடு போடுகிறது. 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும், அதைப் பின்பற்றிய இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டமும், தற்செயலாக நேர்வதை மட்டுமே கடலின் ஆபத்து என்கின்றன. காற்றும் அலையும் வழக்கமாகச் செய்யும் வேலை அதில் சேராது. திமிங்கிலத்தின் மோதல் தற்செயல். உப்பு அரித்த கிளாம்ப் தேய்மானம். ஆனால் காப்பீடு விசாரிப்பது மூழ்கிய படகை மட்டுமே. கிளிஃபோர்ட் குற்றவாளி என்று சொல்லும் அந்த இன்னொருவர், கிளாம்ப் அறாமல் கரை சேர்ந்தவர், எந்த விசாரணைக்கும் அழைக்கப்படுவதில்லை.